‘எழுத மாட்டேன் போ!’ – பென்சிலைக் கண்டால் ஓடும் பிள்ளைகள்: வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

வாய் ஓயாமல் கதை சொல்கிற பிள்ளை, நோட்டை விரித்ததும் ஊமையாகிவிடுகிறது. இதைப் பற்றி வந்த கடிதங்களிலிருந்து ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டோம். எழுத மறுக்கிற பிள்ளைக்கு மூன்றில் ஏதாவது ஒன்று தடையாக இருக்கும். கை இன்னும் பழகியிருக்காது. இல்லையென்றால் எதற்காக எழுதுகிறோம் என்று புரிந்திருக்காது. அதுவும் இல்லையென்றால் தப்பாகிவிடுமோ என்ற பயம். மூன்றுக்கும் விளையாட்டு வேறு வேறு. கை வலிக்கிற பிள்ளையைப் புதையல் தேடச் சொல்லியும், பயந்த பிள்ளையை மாவு பிசையச் சொல்லியும் பயனில்லை. உங்கள் பிள்ளை எந்த வகை என்று பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மகனுக்கு நாலரை வயது. பென்சிலைக் கொடுத்தாலே ‘கை வலிக்குது’ என்று சிணுங்குகிறான். அ, ஆ எழுதவைக்கத் தினமும் அரைமணி நேரப் போராட்டம். விளையாட்டாகச் சொல்லித்தர வழி உண்டா? – ஒரு தாய்

முதலில் அவன் சொல்வதை நம்புங்கள். அந்த வயதில் கை உண்மையாகவே வலிக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பென்சிலைப் பிடித்து, விரல்களை மட்டும் அசைத்து எழுதும் பக்குவம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலரையிலிருந்து ஆறு வயதுக்குள்தான் வருகிறது. அதுவரை கை முழுவதையும் அசைத்துத்தான் கோடு போடுவார்கள். அரைமணி நேரம் அப்படி எழுதினால் நமக்கே தோள் கடுக்கும்.

கை எந்த அளவுக்குப் பழகியிருக்கிறது என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. நின்ற கோடு, படுத்த கோடு, வட்டம், கூட்டல் குறி, சதுரம், பெருக்கல் குறி, முக்கோணம் – இவற்றை ஒவ்வொன்றாக வரைந்து காட்டி, பார்த்து வரையச் சொல்லுங்கள். கைக்கு வசப்படும் வரிசையும் ஏறக்குறைய இதுதான். வட்டம் மூன்று வயதுவாக்கில் வரும். கூட்டல் குறிக்கு நாலு வயதாகும். சதுரத்தின் மூலை நாலரை, ஐந்தில் வரும்; முக்கோணம் ஐந்தைத் தாண்டித்தான். சதுரம் வரையச் சொன்னால் மூலையில்லாமல் உருண்டையாகவே வருகிறது என்றால், எழுத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நிறைய வரையட்டும், அது போதும்.

மூலை வந்துவிட்டதென்றால் தொடங்கலாம். ஆனால் ‘அ’விலிருந்து வேண்டாம். அகரவரிசையில் முதலில் இருக்கிறது என்பதற்காகக் கைக்கும் அதுவே முதலாக வேண்டியதில்லை. ‘அ’வுக்குள் சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நின்ற கோடு எல்லாம் இருக்கின்றன, நடுவில் திசையும் மாறுகிறது. ‘ட’வுக்கு இரண்டே கோடு: மேலிருந்து கீழே, அங்கிருந்து வலப்பக்கம். அந்த முனையிலிருந்து மேலே ஏறினால் ‘ப’. அடுத்து ‘ம’. இந்த மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் வந்துவிட்டால் படம், பட்டம், மடம், மட்டம் என்று நாலு சொல் கையில் இருக்கும். காகிதத்தில் பட்டம் வெட்டி, அதன்மேல் அவனே ‘பட்டம்’ என்று எழுதி, நூல் கட்டிக்கொண்டு ஓடட்டும். ஒரு பக்கம் முழுக்க ‘அ’ எழுதியதைவிட அந்த ஒரு சொல் மனதில் நிற்கும்.

பிடியைச் சரிசெய்ய விரலைப் பிடித்துத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். க்ரேயானை 3 செ.மீ. துண்டுகளாக உடைத்துக் கொடுங்கள். நீளமான க்ரேயானை முஷ்டியால் பிடிக்க இடமிருக்கிறது. துண்டில் விரல்நுனிக்கு மட்டுமே இடம், அதனால் சரியான பிடி தானாக வரும். (வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் துண்டுகளை எட்டாத இடத்தில் வையுங்கள்.) பெரிய தாளை அவன் கண் மட்டத்தில் சுவரில் ஒட்டி அதில் வரையவிடுவதும் நல்லது. நின்றபடி சுவரில் எழுதும்போது மணிக்கட்டு பின்பக்கம் வளைந்து நிற்கும். விரல்கள் சுலபமாக அசையும். மேசையில் உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையிலோ முக்காலியிலோ பதிந்திருக்க வேண்டும். மேசைப் பலகை முழங்கை மட்டத்துக்கு 2, 3 செ.மீ. மேலே இருந்தால் சரி. கால் தொங்கினால் உடம்பை நிலையாக வைப்பதற்கே பாதிச் சக்தி போய்விடும்.

விரலுக்கு வலு சேர்க்க மாவு உருட்டலாம். மைதா 2 கப், உப்பு 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி; முக்கால் கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் மாவு தூவுங்கள், வெடித்தால் சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். மூடிய டப்பாவில் வைத்தால் சில நாள் வரும். உப்பு அதிகம் என்பதால் வாயில் போடவிடக் கூடாது. பாம்புபோல் நீளமாக உருட்டி, மடித்து ‘ட’, ‘ப’ செய்யட்டும்.

நேரம் ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. ‘இன்னும் ஒண்ணு’ என்று அவன் கேட்கும்போதே எடுத்துவையுங்கள். மறுநாள் அவனே தேடி வருவான்.

ஆறு வயது மகள் பார்த்து எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவாள். ‘நீயாக நாலு வரி எழுது’ என்றால் ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ என்று உட்கார்ந்துவிடுகிறாள். – ஒரு தந்தை

அவளுடைய கை தயாராக இருக்கிறது. எழுதி என்ன ஆகப்போகிறது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. ‘என் பள்ளி’ பற்றி நாலு வரி கேட்கிறீர்கள். அவள் பள்ளியைப் பற்றி அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிறகு யாருக்கு அந்த நாலு வரி? எழுதினால் ஏதாவது நடக்க வேண்டும்: ஒரு கதவு திறக்க வேண்டும், ஒருவர் சிரிக்க வேண்டும், ஒரு பொருள் இடம் மாற வேண்டும். அப்படி வேலை செய்கிற எழுத்தைப் பிள்ளைகள் விடவே மாட்டார்கள்.

பொம்மையின் கடிதத்தில் தொடங்குங்கள். அவளுக்குப் பிடித்த பொம்மையின் மடியில் இரவு ஒரு சீட்டு வையுங்கள். உள்ளங்கை அளவு, மூன்றே வரி: ‘நேத்து என்னைக் கட்டிலுக்கு அடியில விட்டுட்டே. ஒரே இருட்டு. இன்னைக்கு நான் எங்கே தூங்க?’ பக்கத்தில் ஒரு வெற்றுச் சீட்டும் பென்சிலும். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், அவளே பார்ப்பாள். ‘கட்டில்’ என்று ஒரே சொல்லில் பதில் வரலாம். அது முழுமையான பதில்தான். அன்று இரவு பொம்மை கட்டிலில்தான் படுக்க வேண்டும். அடுத்த சீட்டு: ‘கட்டில்ல இடம் பத்தல. தலையணை யாருக்கு?’ எழுதியது அப்படியே நடந்துவிட்டது என்று பார்த்த பிறகு பதில் நீளும்.

இது எங்கே கெட்டுப்போகும் என்றும் சொல்லிவிடுகிறோம். ‘எப்படி இருக்கே?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்பதோடு கடிதம் முடிந்துவிடும். புகார், பேரம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது – இப்படிக் கேட்டால்தான் பேச்சு வளரும். தினமும் எழுதினால் அதுவும் வீட்டுப்பாடமாகிவிடும். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை போதும். அவள் ‘கடில்’ என்று எழுதினால் வட்டம் போடாதீர்கள். பொம்மையின் அடுத்த கடிதத்தில் ‘கட்டில்’ என்று சரியாக வரட்டும். இரண்டு சீட்டும் அவளிடம்தானே இருக்கின்றன, அவளே ஒப்பிட்டுப் பார்ப்பாள். எழுதுவது நீங்கள்தான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். பரவாயில்லை, அவளாகக் கேட்கும்வரை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது புதையல். முதல் நாள் நீங்களே ஐந்து சீட்டு எழுதி ஒளித்துவையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று சொல்: ‘தலையணைக்கு அடியில்’, ‘கதவுக்குப் பின்னால்’. ஒன்று இன்னொன்றுக்கு வழிகாட்டும். இரண்டாவது முறை புதையலை ஒளிப்பது அவள் வேலை. கடைசிச் சீட்டை மட்டும் அவள் எழுதட்டும். விளையாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது: அவள் எழுதியதை அட்சரம் பிசகாமல் செய்யுங்கள். ‘கதவு’ என்று மட்டும் எழுதியிருந்தால் கதவுக்கு நேரே போய் நின்றுவிடுங்கள். ‘கதவு வந்தாச்சு. ஒண்ணும் காணோமே!’ அவள் ஓடிவந்து சீட்டைப் பிடுங்கி ‘பின்னால்’ என்று சேர்ப்பாள். ‘விவரமா எழுது’ என்று நூறு தடவை சொன்னாலும் வராத விவரம், வாசிக்கிறவர் தவிப்பதைக் கண்ணால் பார்த்ததும் வந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் ஐந்து சீட்டையும் அவளே எழுதுவாள்.

நீளமான கதை சொல்ல ஆசை, எழுத அலுப்பு என்றால் பேனாவைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அவள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். பெயர்ச் சொல் வருகிற இடத்தில் பேனா அவள் கைக்குப் போகட்டும். அவள் வாயில் வந்ததை வந்தபடியே எழுத வேண்டும், நீங்கள் மெருகேற்றக் கூடாது. தன் பேச்சுதான் தாளில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் திரும்பத் திரும்ப எடுத்து வாசிப்பாள்.

ஒன்றாம் வகுப்பு நடத்துகிறேன். நாலைந்து பிள்ளைகள் நோட்டைத் தொடவே மாட்டார்கள். மொத்த வகுப்புக்கும் ஒரே நேரத்தில் செய்யக்கூடிய ஏதாவது சொல்லுங்கள். – ஓர் ஆசிரியை

ஒரே தாளில் எட்டுப் பக்கப் புத்தகம் செய்யலாம். கோடு போட்ட நோட்டின் வெள்ளைப் பரப்பைப் பார்த்து மலைக்கிற பிள்ளைகூட உள்ளங்கையளவு பக்கத்துக்குப் பயப்படாது.

ஏ4 தாளை நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரியுங்கள். பிறகு அகலவாக்கில் பாதி, அதையும் மறுபடி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் விழுந்திருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7.4 செ.மீ.க்கு 10.5 செ.மீ. இப்போது அகலவாக்கில் ஒரே ஒரு முறை மட்டும் மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேல் ஒரு கட்ட தூரம் மட்டும் வெட்டுங்கள். பிரித்தால் தாளின் நடுவில் ஒரு பிளவு இருக்கும். மறுபடி நீளவாக்கில் மடித்து, இரண்டு ஓரத்தையும் பிடித்து உள்பக்கம் தள்ளினால் பிளவு வாய் திறந்து கூட்டல் குறிபோல நிற்கும். அப்படியே சுற்றி மடித்தால் புத்தகம். பலரும் தவறுவது வெட்டும் இடத்தில்தான்: திறந்த ஓரத்திலிருந்து வெட்டினால் தாளின் இரு முனையும் கிழிந்துபோய்ப் புத்தகம் சேராது. முதல் முறை வெட்டும் வேலையை நீங்களே செய்து கொடுங்கள். மடிப்பை நகத்தால் அழுத்தச் சொல்லுங்கள், அதுவே நல்ல விரல் பயிற்சி.

அட்டையில் தலைப்பும் ‘எழுதியவர்’ பெயரும். உள்ளே பக்கத்துக்கு ஒரு படம், ஒரு சொல் அல்லது ஒரு வரி. ‘எனக்குப் பிடிக்காத ஆறு விஷயங்கள்’, ‘என் பையில் ஒளிந்திருப்பவை’ போன்ற தலைப்புகள் எடுபடும்; ‘மழைக்காலம்’ எடுபடாது. நாலைந்து பேர் என்றீர்களே, அவர்களுக்கு முதல் நாள் ‘சொல்லே வேண்டாம், படம் மட்டும் போடு’ என்று விட்டுவிடுங்கள். மறுநாள் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்து, ‘இது யாரு?’ என்று ஒரே ஒரு பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். சொன்னதும் ‘அதை இங்கே எழுதிவை, வாசிக்கிறவங்களுக்குத் தெரியணுமே’ என்றால் பெரும்பாலும் எழுதிவிடுவார்கள். வகுப்பு மூலையில் ஒரு கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிடுங்கள். இன்னொரு பிள்ளை எடுத்து வாசிப்பதைப் பார்ப்பதைவிடப் பெரிய பரிசு இல்லை. நட்சத்திரமும் மதிப்பெண்ணும் அதன்மேல் வேண்டாமே.

‘ட’வைத் திருப்பிப் போடுகிறான். ‘கெ’ எழுதும்போது கொம்பைப் பின்னால் போடுகிறான். வயது ஐந்தரை. மூளையில் ஏதாவது கோளாறோ? – கவலையுடன் ஒரு பாட்டி

இல்லை, பாட்டியம்மா. கண்ணாடியில் தெரிவதுபோல எழுத்தைத் திருப்பிப் போடுவது ஆறு, ஏழு வயதுவரை சாதாரணம். கிண்ணத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் கிண்ணம்தான் என்று கண் பழகியிருக்கிறது. திருப்பினால் வேறாகிவிடும் என்பது எழுத்துக்கு மட்டும் உள்ள விதி. வரியின் இடது ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்து, ‘வண்டி இங்கிருந்துதான் கிளம்பும்’ என்று சொல்லுங்கள்.

கொம்பு விஷயத்தில் அவன் காது சரியாகவே வேலை செய்கிறது. ‘கெ’ என்னும்போது ‘க்’ முதலில், ‘எ’ பிறகுதான் கேட்கிறது. கேட்ட வரிசையில் எழுதுகிறான். அட்டையில் க, ச, ப, ம என்று நாலு துண்டு, தனியாக ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்று துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ‘க’வை நடுவில் வைத்து, இடது பக்கம் கொம்பு வந்தால் ‘கெ’, வலது பக்கம் காலும் சேர்ந்தால் ‘கொ’, கொம்பை மட்டும் இரட்டையாக மாற்றினால் ‘கோ’ என்று நகர்த்தி விளையாடட்டும். எழுதிப் பழகுவதற்கு முன் இப்படி நகர்த்திப் பழகினால் குழப்பம் சீக்கிரம் தீரும். ஒற்று விட்டுப்போகிற பிள்ளைகளுக்கும் ஒன்று: ‘படம்’, ‘பட்டம்’ இரண்டையும் கை தட்டிச் சொல்லி, இரண்டுக்கும் படம் வரையச் சொல்லுங்கள். ஒரு ‘ட்’ போனால் பொருளே மாறுகிறது என்பதை அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு கோடு கோணினாலும் ரப்பர் எடுத்துவிடுகிறாள். அழித்து அழித்துத் தாளே கிழிந்துபோகிறது. பிறகு அழுகை. – ஒரு தாய்

ரப்பரைப் பிடுங்காதீர்கள், பயம் கூடிவிடும். அழிக்கத் தேவையே இல்லாத இடத்தில் எழுதவிடுங்கள். சிலேட்டில் ஈரத் தூரிகையால் எழுதினால் கொஞ்ச நேரத்தில் தானே காய்ந்து மறைந்துவிடும். மறைவதற்குள் வாசித்துவிட வேண்டும் என்பது விளையாட்டு. கோணலைப் பற்றிக் கவலைப்பட நேரமே இருக்காது. தட்டில் உப்பைப் பரப்பி விரலால் எழுதலாம். அரை செ.மீ. உயரத்துக்கு மேல் கொட்டினால் ஓரம் சரிந்து எழுத்து மூடிக்கொள்ளும். தட்டு அடர்ந்த நிறமாக இருந்தால்தான் எழுத்து பளிச்சென்று தெரியும்.

தாள் கிழிவதற்கு அழுத்தமும் காரணமாக இருக்கலாம். பென்சிலை முனைக்கு வெகு பக்கத்தில் இறுக்கிப் பிடிக்கிறாளா என்று பாருங்கள். எச்பி பென்சிலுக்குப் பதில் 2பி கொடுங்கள். மென்மையானது என்பதால் லேசாக எழுதினாலே கறுப்பாக விழும். மூன்று தாளுக்கு நடுவே இரண்டு கார்பன் தாள் வைத்து, ‘கடைசித் தாளில் ஒன்றும் விழாமல் எழுது பார்க்கலாம்’ என்று பந்தயம் கட்டுங்கள். இதற்கு நேர்மாறாக, எழுத்து கண்ணுக்கே தெரியாத அளவு லேசாக எழுதும் பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தி ரகசியம்: வெள்ளைத் தாளில் மெழுகுவர்த்தியால் எழுதி, மேலே தண்ணீர் கலந்த வாட்டர்கலரைப் பூசினால் மெழுகு இருக்கும் இடத்தில் நிறம் ஒட்டாமல் எழுத்து வெளியே வரும். அழுத்தி எழுதாவிட்டால் ரகசியம் தெரியாது. வண்ணம் கெட்டியாக இருந்தாலும் தெரியாது.

நீங்கள் எழுதும்போது தப்பு வந்தால் ஒரு கோடு மட்டும் அடித்துவிட்டு மேலே எழுதிப் போங்கள். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பேரன் இடது கையால் எழுதுகிறான். வலது கைக்கு மாற்றிவிடலாமா? – ஒரு தாத்தா

வேண்டாம், ஐயா. எழுத்தையே வெறுக்கவைக்க அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. தாளை உடம்பின் நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, மேல்விளிம்பு வலப்பக்கம் சாயும்படி வையுங்கள். முனையிலிருந்து 3 செ.மீ. மேலே பென்சிலைப் பிடித்தால் எழுதியது கண்ணுக்குத் தெரியும். இல்லாவிட்டால் அதைப் பார்ப்பதற்காகவே மணிக்கட்டைக் கொக்கிபோல் வளைப்பான். வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வரட்டும். பள்ளியில் பெஞ்சின் இடது ஓரத்தில் இடம் கேட்டு வாங்குங்கள், பக்கத்துப் பையனின் முழங்கை இடிக்காது.

எத்தனை விளையாடினாலும் மாற்றமே இல்லை. எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? – ஒரு தந்தை

முதலில் கண். தாளை மூக்கருகே வைத்துக்கொள்வது, வரி தாவுவது, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் திணறுவது இருந்தால் வயது பாராமல் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். ஏழு வயதைத் தாண்டியும் எழுத்துகள் அடிக்கடி திரும்பி விழுவது, சில வரிகளிலேயே கை வலிப்பது, வாயால் பத்து வாக்கியம் சொல்கிற பிள்ளைக்கு எழுத்தில் ஒன்றுகூட வராமலிருப்பது – இவை மாதக்கணக்கில் நீடித்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். டிஸ்கிராஃபியா எனப்படும் எழுத்துத் திறன் குறைபாடாகவும் இருக்கலாம். அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. கை வேலையைப் பழக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உதவுவார். எழுதிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று கை நடுங்கினாலோ வலுவிழந்தாலோ காத்திருக்காமல் உடனே போங்கள்.

போகும்போது மூன்று பொருள் கையில் இருக்கட்டும்: பார்த்து எழுதிய ஒரு பக்கம், தானாக எழுதிய ஒரு பக்கம், அவன் சொல்லி நீங்கள் எழுதிய ஒரு கதை. தேதியும், எழுத எத்தனை நிமிடம் ஆனது என்பதும் ஒவ்வொன்றின் மேலும் குறித்திருந்தால், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே தடை கையிலா, சொல்லிலா என்று மருத்துவருக்கு ஓரளவு பிடிபட்டுவிடும்.